மார்ஸ்டன் துரைக்கு ஒரு சுருட்டு

"நெசமாவே உங்க பேரு அதுதானுங்களா?"

"அதேதாங்க. மார்ஸ்டன். ஸ்கூல்லயும் அதான், ஊட்டுலயும் அதான்."

"அப்ப சர்ச்சுக்குப் போறவங்களா? ஜாதகமெல்லாம் பாத்தாங்களே எங்கப்பா."

"சர்ச் வாசப்படி மிதிச்சதில்லைங்க. சுடலைமுத்துக்கும் இசக்கியம்மாவுக்கும் பொறந்தவன். எங்க எஸ்டேட்டுக்கு வந்து மார்ஸ்டன்னு ஒரு சத்தம் கொடுத்துப் பாருங்க. நாலு பேரு திரும்புவான். ஒரு ஆடும் திரும்பும்."

பெண் பார்க்க வந்த அன்று வெலிங்டனில் அப்பாவின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், மேரக்காய்க் கொடிப் பந்தலடியில் நின்று மஞ்சுவும் அவனும் பேசிய முதல் பேச்சு அது. அந்த ஆட்டைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர்கள் அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்காக இல்லை, அந்த ஆட்டுக்காகத்தான் கழுத்தை நீட்டினேன் என்று கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ முறை அவனைச் சீண்டியிருக்கிறாள்.

அப்போதெல்லாம் அவனிடம் எதையும் கேட்டுவிட முடிந்தது. இப்போது ஒன்றே ஒன்றைக் கேட்க முடியவில்லை.

கோத்தகிரிப் பக்கம் அரவேணுவுக்கு மேலே இருக்கிற மார்ஸ்டன் எஸ்டேட்டில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெயர்தான். பஸ் நிற்கும் இடம் மார்ஸ்டன். அங்கே ஓடுகிற ஓடை, பாக்கெட்டில் போட்டு விற்கிற தேயிலைத்தூள், புதிதாக வந்த டெய்லர் கடை, எல்லாம் மார்ஸ்டன். மேல் காட்டில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. பாசி பிடித்த அதன் மேற்பாகத்தில் அந்த ஒரு சொல் மட்டும் தெரியும். தோட்டத்தை உண்டாக்கிய துரையைப் புதைத்த இடம் என்பார்கள். திருநெல்வேலியிலிருந்து முதலில் மலையேறி வந்தவர்கள், ஊரில் விட்டுவந்த சுடலைமாடனுக்கு என்ன படைத்தார்களோ அதையே இவருக்கும் படைத்தார்கள். சுருட்டு, பிராந்தி, அவித்த முட்டை. வெள்ளைக்காரர் என்பதால் கூடவே நாலு பிஸ்கட். பதிலுக்குத் துரை பிள்ளை கொடுப்பார் என்று நம்பிக்கை. அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தாக வேண்டும். வயிற்றில் ஒன்றும் தங்காமல் தவித்த இசக்கியம்மா வேண்டிக்கொண்டு பெற்றவன்தான் மஞ்சுவின் புருஷன். குந்தா பவர்ஹவுஸில் கூட வேலை செய்பவர்கள் வருஷம் தவறாமல் அவனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்வார்கள். விளக்கிச் சொல்லிச் சலித்துப்போய் இப்போது அவனே கேக் வாங்கிக்கொண்டு போகிறான்.

மஞ்சுவுக்கு இது ஏழாம் மாதம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை நிறைமாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தபோது கட்டிலருகே பிளாஸ்க் மட்டும் இருந்தது. புருஷனும் மாமியாரும் பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். பெண் என்று சொன்னார்கள். மூக்கு யாரைப்போல, முடி இருந்ததா, எதுவும் சொல்லவில்லை. எங்கே வைத்தார்கள் என்றும் சொல்லவில்லை. பெற்றவளுக்கு இடம் தெரியக் கூடாது, தெரிந்தால் வயிறு திரும்பித் திரும்பி அங்கேயே பார்க்கும், அடுத்தது தங்காது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம்.

அவள் வயிறு எப்படியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. குன்னூருக்குப் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் அவள் கண் சரிவுக்குப் போகும். இந்த லாண்டனாப் புதருக்குப் பின்னாலா? அந்தக் கற்பூர மரத்தடியிலா? அட்டை ஊர்கிற ஈரத்திலா வைத்திருப்பார்கள்? இந்தப் பிள்ளை பிறப்பதற்குள் ஒரே ஒரு முறை அங்கே போய் நின்றுவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் இதுவும், என்று தொடங்குகிற நினைப்பை அவள் முடிக்க மாட்டாள். உள்ளே அசைவு சற்று நேரம் நின்றால் எழுந்து சமையலறைக்குப் போவாள். குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டு இடது பக்கம் சாய்ந்து படுத்துக் காத்திருப்பாள்.

மார்ஸ்டன் லீவில் வரும்போதெல்லாம் கேட்டுவிடலாம் என்று நினைப்பாள். "ஏனுங்க" என்று ஆரம்பிப்பாள். அவன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து என்ன என்பான். அவன் கண்ணைப் பார்த்ததும் கேள்வி திசை மாறிவிடும். கேஸ் சிலிண்டர் புக் பண்ணவேண்டும் என்பாள். அவன் பண்ணிவிட்டேன் என்பான்.

எஸ்டேட் பங்களாவை இப்போது விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். மஞ்சு அங்கேதான் வரவேற்பில் வேலை பார்த்தாள். ஒரு மழை நாளில் அங்கே கிளேர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும், பச்சைக் கம்பளித் தொப்பி, முட்டி வரை சேறு. தன் முழுப்பெயர் கிளேர் மார்ஸ்டன் என்று அவர் சொன்னதும் மஞ்சு சாவியை எடுத்த கையோடு நின்றுவிட்டாள்.

அந்த அம்மாளுக்கு வினோதமான ஒரு பொழுதுபோக்கு. தன் குடும்பப் பெயர் உலகத்தில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் அதே தொப்பியோடு நின்று படம் எடுத்துக்கொள்வார். இணையத்தில் தேடினால் ஒரு நாடக ஆசிரியர், சில பந்தாட்ட வீரர்கள், ஒரு பீர், அரை டஜன் கிராமங்கள் என்று வருமாம். இந்தத் தோட்டம் மட்டும் அதில் எங்கேயும் இல்லை, ஆனால் தன் கொள்ளுத்தாத்தா உண்டாக்கியது இதைத்தான் என்றார். பஸ் நிறுத்தத்தில் ஒரு படம், டெய்லர் கடையில் ஒன்று, தேயிலைப் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்று. என் வீட்டுக்காரர் பெயரே அதுதான் என்று மஞ்சு சொன்னபோது அவர் கைதட்டிச் சிரித்தார். அவரோடும் ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்றார்.

அந்த உற்சாகத்தில்தான் மஞ்சு வாயை விட்டாள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் சமாதிகூட இங்கே இருக்கிறது என்றாள்.

கிளேர் குழம்பிப்போனார். கொள்ளுத்தாத்தா வயதாகி இங்கிலாந்தில், தன் சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்தவர். அவர் கல்லறைக்குத் தானே பலமுறை பூ வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொள்ளுப்பாட்டியைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு உண்டாம். தலைச்சன் பிள்ளையை மலையில் பறிகொடுத்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு சாகும்வரை வீட்டுக்குள் தேயிலை வாங்க விட்டதில்லை என்று. சிறுவயதில் அதைக் கேட்டுத் தாங்களெல்லாம் சிரித்ததுண்டு என்றார் கிளேர்.

மஞ்சுவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. கல் ஏன் அவ்வளவு சின்னது என்று கல்யாணமான புதிதில் அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள். பாதி மண்ணுக்குள் போய்விட்டது என்று மாமியார் சொன்னாள். அதைத் தோண்டிப் பார்த்தவர் யாருமில்லை. துரை பக்கத்தில் இரும்பு போகக் கூடாது, பாசியைச் சுரண்டக் கூடாது, அவருக்குக் கோபம் வந்துவிடும்.

கல்லைப் பார்க்க வேண்டும் என்றார் கிளேர். வழியெல்லாம் அட்டை என்றாள் மஞ்சு. மறுநாள் கேட்டபோது மேலே காட்டெருமை நிற்கிறதாம் என்றாள். அடுத்த நாளைக்கு மழை. அந்த அம்மாள் அவசரப்படவில்லை, மழை விடட்டும் என்று சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து புத்தகம் படித்தார். மஞ்சுவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை துரைக்குப் படையல் போடுவதாக இசக்கியம்மா நேர்ந்திருந்தாள். பிறக்கப்போவது ஆணோ பெண்ணோ, துரை பெயர்தான் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. மருமகள் வயிற்றில் இது தங்கியிருப்பதே அவர் காவலால் என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அந்தக் காவல்காரரே ஒரு கைக்குழந்தை என்று தெரிந்தால்? செத்துப்போன பிள்ளையின் பெயரையா என் மகனுக்கு வைத்தேன், என் பேரப்பிள்ளைக்கு வைக்கப் பார்த்தேன் என்று அவள் உடைந்துவிட்டால்? அன்று சாயங்காலம் வயிற்றுக்குள் அசைவே இல்லாததுபோல் இருந்தது. தண்ணீர் குடித்துப் படுத்தாள். வெகு நேரம் கழித்து ஒரு உதை வந்தது.

மறைத்து வைத்தது நிலைக்கவில்லை. பங்களா சமையல்காரி கருப்பம்மா தோட்டக் குடியிருப்பான லயத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். துரை வீட்டு வாரிசு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் இசக்கியம்மா வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு பங்களாவுக்கே வந்துவிட்டாள். கிளேரின் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மூக்கு அச்சு அசல் துரை மூக்கு என்று தீர்ப்புச் சொன்னாள். நீ எந்தக் காலத்தில் துரையைப் பார்த்தாய் என்று கருப்பம்மா கேட்டாள். கனவில் வருகிறவரை எனக்குத் தெரியாதா என்றாள் இசக்கியம்மா. வெள்ளிக்கிழமைப் படையலுக்குக் கிளேர் வருவதாக முடிவாகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் மார்ஸ்டன் ஊட்டி வந்து கோத்தகிரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். அவன் முகம் கழுவும்போதே மஞ்சு எல்லாவற்றையும் சொன்னாள். கல்லுக்கடியில் துரை இல்லை, அவர் பிள்ளை இருக்கிறது என்றாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான், தேவைக்கு மேல் துடைத்தான்.

"அம்மாகிட்ட வாயத் தொறந்துடாத மஞ்சு. இப்ப இருக்கற நெலமைல நீயும் இதையெல்லாம் நெனைக்காத. எந்திருச்சுப் போயி பாலக் குடி."

நினைக்காதே. மூன்று வருஷமாக அவன் அவளுக்குச் சொல்லிவருவது இதைத்தான். அவன் குரலில் இருந்த அக்கறை நிஜம். அந்த அக்கறைதான் ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தியது. அவள் பாலைக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மஞ்சு மெதுவாக ஏறினாள். சரிவு வரும் இடங்களில் மார்ஸ்டன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இசக்கியம்மா கூடையைத் தலையில் வைத்தபடி முன்னால் போனாள், கிளேர் தொப்பியோடு பின்னால் வந்தார். மருமகளுக்காக ஒரு பிளாஸ்க் நிறையப் பால் காய்ச்சி எடுத்து வந்திருந்தாள் மாமியார். வழியிலேயே இரண்டு முறை குடிக்கச் சொல்லிவிட்டாள்.

மரத்தடியில் வாழை இலை விரித்து முட்டையும் பிஸ்கட்டும் வைத்தார்கள். பிராந்தியை மூடியில் ஊற்றிக் கல்லோரம் வைத்தாள் இசக்கியம்மா. சுருட்டைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்து, கனிந்ததும் கல்லின் தலையில் சாய்த்து வைத்தாள். கிளேர் இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டியிட்டுக் கல்லைத் தொட்டார். அடியில் எழுத்து இருக்கும்போல் தெரிகிறது, மண்ணை விலக்கிப் பார்க்கலாமா என்று மஞ்சுவிடம் கேட்டார்.

மஞ்சு புருஷனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். ஆனால் இசக்கியம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவங்க வீட்டு ஆளு, அவங்க தொடலாம், இரும்பு மட்டும் கூடாது என்றாள்.

கிளேர் விரல்களாலேயே மண்ணைத் தோண்டினார். ஈரமண் எளிதாக வந்தது. வேர்களைப் பிய்த்து, பாட்டில் தண்ணீரை ஊற்றித் துடைத்தார். எழுத்துக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கைக்குழந்தை. மார்ஸ்டனின் மகன். இறந்த வருஷம். தனிப் பெயர் எதுவும் இல்லை. அவ்வளவுதான் கல், அதற்குக் கீழே கல்லே இல்லை. மண்ணுக்குள் போனது ஒரு சாண்கூட இல்லை, முதலிலிருந்தே சின்னக் கல்தான்.

"என்னல எழுதியிருக்கு?" என்று மகனைக் கேட்டாள் இசக்கியம்மா.

மார்ஸ்டன் ஆங்கிலம் படித்தவன். கல்லைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"துரை பேரும் வருசமுந்தாம்மா."

அவன் குரலில் தடுமாற்றமே இல்லை. எவ்வளவு பழகிய குரல் அது என்று மஞ்சுவுக்குத் தோன்றியது. பெண் பிள்ளை, அழகா அடக்கம் பண்ணிட்டோம், நீ தூங்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அதே குரல். சுருட்டுப் புகை கல்லைச் சுற்றி வந்து அவள் மேல் பட்டது. உள்ளே பிள்ளை புரண்டது. இப்போது சொல்லாவிட்டால் இந்தப் பொய்யும் அந்த மௌனத்தோடு சேர்ந்துவிடும், பிறக்கப்போவது அதற்குள்ளேதான் வளரும்.

"அத்தை, அவரு சொன்னது முழுசா இல்லைங்க. இது துரை இல்லீங்க. துரையோட கொழந்த. பேரு வைக்கறதுக்கு முந்தியே போயிருச்சு."

இசக்கியம்மா அவளையே பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கல்லுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, கல்லின் உயரத்தைக் கையால் அளப்பதுபோல் தடவிப் பார்த்தாள். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பம் இத்தன வருசமா பச்சப்புள்ளைக்கா பிராந்தி ஊத்துனேன்?"

சொல்லிவிட்டுச் சுருட்டை எடுத்து மண்ணில் அழுத்தி அணைத்தாள். மூடியில் இருந்ததைத் தூரமாகக் கொட்டினாள். முந்தானையால் கல்லின் தலையைத் துடைத்தாள், பிள்ளைக்கு வாய் துடைத்துவிடுவதுபோல.

"ஏட்டி, அந்தப் பால எடு."

மஞ்சு பிளாஸ்க்கை நீட்டினாள். இசக்கியம்மா பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் மேல் விட்டாள். கிளேர் அழுதுகொண்டிருந்தார். முட்டியில் மண்ணோடு அப்படியே உட்கார்ந்து, கொள்ளுப்பாட்டியால் திரும்பி இந்த மலைக்கு வரவே முடியவில்லை என்றார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, எங்கே வைத்தோம் என்றாவது அவளுக்குத் தெரிந்திருந்தது என்றார்.

மார்ஸ்டனுக்கு அது புரிந்தது. அவன் கை மஞ்சுவின் முழங்கையிலிருந்து நழுவியது. இந்த முறை அவன் கண்ணை அவள் தவறவிடவில்லை. அதில் இருந்தது கோபம் இல்லை. இத்தனை நாளும் அதைக் கோபம் என்று நினைத்துத்தான் அவள் கேள்வியை மாற்றிக்கொண்டிருந்தாள். அவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

"என்னட்டி சொல்லுதா அந்தம்மா?" என்றாள் இசக்கியம்மா.

மஞ்சு அதை மொழிபெயர்க்கவில்லை. வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க."

"என்ன மஞ்சு?"

"நம்ம பாப்பாவ எங்கீங்க வெச்சீங்க? என்னைய ஒருக்கா அங்க கூட்டிட்டுப் போங்க."